அந்த 35 நாட்களுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊக்கமருந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஓட்டப் பந்தய வீராங்கனை கோமதி மாரிமுத்துவின் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

2019 ஏப்ரல் 22 அன்று தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார் கோமதி. இங்கே திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில்கூட அதே பேச்சுதான். திருச்சி முடிகண்டத்து விவசாயக் குடும்பம், மகளுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு மாட்டுத் தீவனம் தின்ற அப்பா, கிழிந்த ஷூ என்று பத்திரிகைகள் உருகின. திமுக 10 லட்சம் அறிவித்தது, அதிமுக 15 லட்சம். சோதனையில் சிக்கினார் என்ற செய்தி ஒரு மாதத்துக்குள் வந்தது. அதே வாய்கள் ‘ஊசி போட்டு ஓடினவள்’ என்றன. அவருடைய வறுமையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது: காசுக்குத்தானே செய்திருப்பாள்!

கோமதிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நாண்ட்ரலோன் வகை ஸ்டீராய்டு உறுதியாகி 2023 மே வரை தடை விதிக்கப்பட்டது. தெரிந்து எதையும் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை. அன்று இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவுக்கு அந்த மைதானத்தில் தேசிய கீதம் ஒலிக்காமலே போனது. அந்த அநியாயமும் அநியாயம்தான்.

ஆனால் சிக்கிய முதல் மாதிரி தோஹாவில் எடுத்ததல்ல. மார்ச் 18ஆம் தேதி பட்டியாலாவில், ஃபெடரேஷன் கோப்பையின்போது ‘நாடா’ எடுத்தது. நடுவே 35 நாட்கள். அதன் முடிவு உரிய நேரத்தில் தடகளச் சம்மேளனத்தின் கைக்கு வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். அந்தத் தாமதத்துக்காக யார் நாற்காலி பறிபோனது? கேட்டவர்கள் எத்தனை பேர்? அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியின் தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக்கூடத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்திவைத்தது. 2021 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. இதனால் கோமதியின் முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. ஓட்டக்காரியிடம் கேட்ட கணக்கை ஆபீஸிடமும் கேளுங்கள் என்கிறேன்.

கேரளத்திலும் இதே கதைதான். 2011இல் சினி ஜோஸ், டியானா மேரி தாமஸ் உள்ளிட்ட தொடர் ஓட்ட வீராங்கனைகள் சிக்கினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் யூரி ஒகரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கிவந்து கொடுத்த ஜின்செங் மூலிகைதான் காரணம் என்றார்கள். முதலில் ஓராண்டாக இருந்த தடை மேல்முறையீட்டில் இரண்டாண்டானது. பயிற்சியாளருக்கு வேலை போனது. ஊர் வாயில் இன்றும் அரைபடுவது பெண்களின் பெயர்தான்.

2023இல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் ‘நாடா’ அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்றதும் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். கழிவறையில் ஊசிகள் கிடந்தன. அவை தாமாக நடந்தா வந்தன? விற்றவர் உண்டு, போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் உண்டு. 2022இன் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் அப்படி விற்பவருக்குச் சிறைத் தண்டனை இல்லை. எங்கள் ஊர் ஜிம்களில் பதினாறு வயதுப் பையன் எந்த டப்பாவை வாங்குகிறான் என்று பார்க்க ஆளும் இல்லை.

எங்கள் ஊர்க் காரியவட்டத்தில், லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி மைதானத்தில், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் தேசிய முகாமில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க நிற்பவர்களில் யாராவது ஒருவர் ‘இதுகளும் ஊசிதானோ’ என்று சிரிக்காமல் போவதில்லை. உங்கள் கட்டுரை அந்தச் சிரிப்புக்குத்தான் உதவும். அடுத்த இதழிலாவது ‘நாடா’விடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியின் சோதனை முடிவுகள், அணி புறப்படும் முன்பே வந்துவிடுகின்றனவா? இதுவரை எத்தனை பயிற்சியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கரமனை, திருவனந்தபுரம்.