திருடனும் படிக்கும் புகார்!

வாங்கிய மிக்சி இரண்டாம் நாளே புகைந்தால் முன்பெல்லாம் என்ன செய்வோம்? பில்லும் கையுமாகக் கடைக்குப் போய் நிற்போம். முதலாளி முறைப்பார். நாலு வார்த்தை தடிக்கும். கடைசியில் மிக்சி மாறும்.

இப்போது கடை செல்போனுக்குள் இருக்கிறது. அங்கே முறைக்கக்கூட ஆள் இல்லை!

சில கம்பெனிகளின் 'ஆப்'பைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் போன் நம்பர் விழாது. "எக்ஸ் தளத்தில் எழுதுங்கள், இன்ஸ்டாகிராமில் எழுதுங்கள்" என்பதோடு சரி. பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர் எங்கே போவார்? பேரனைத் தேட வேண்டியதுதான்.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் அல்ல. அமெரிக்காவில் பிரான்டியர் என்ற விமான கம்பெனி 2022 நவம்பரில் வாடிக்கையாளர் போன் லைனையே மூடியது. சாட்டிங், வாட்ஸ்அப், சமூக வலைதளம் இவை மட்டும்தான் என்றது. செலவு மிச்சமாம். கம்பெனிக்கு மிச்சம், பயணிக்குத் தவிப்பு!

வலை விரிக்கும் கும்பல்

இதில் பெரிய ஆபத்து வேறு.

"என் 4 ஆயிரம் ரூபாய் போச்சு, கேட்க நாதியில்லை" என்று ஒருவர் கம்பெனி பெயரைப் போட்டு ஊரறிய எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பார்க்கிறதோ இல்லையோ, மோசடிக் கும்பல் பார்த்துவிடுகிறது.

சில நிமிடத்தில் பதில் வரும். அதே சின்னம், அதே பெயர். ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார், உங்கள் மொபைல் நம்பரை அனுப்புங்கள்." என்ன மரியாதை பாருங்கள்! நிஜக் கம்பெனி இத்தனை வேகமாகப் பேசியதே இல்லையே என்று சந்தேகம் வர வேண்டும். பணத்தைத் தொலைத்தவனுக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வருகிறது.

அடுத்து போன் வரும். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்பான். போட்டால் செல்போன் திரை முழுவதும் அவன் கண்ணில்! இல்லாவிட்டால் "ரகசிய நம்பரை அழுத்துங்கள்" என்பான். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய நம்பர் தேவையே இல்லை. அழுத்தினால் நம் பணம்தான் போகும். 4 ஆயிரத்தைத் தேடிப் போனவர் வங்கியில் இருந்ததையும் விட்டுவிட்டு வருகிறார்.

வாசலில் போர்டு மாட்டாமல், "சந்தையில் நின்று கத்துங்கள், நாங்கள் வருவோம்" என்று சொன்னால் பிக்பாக்கெட் முந்திக்கொள்ள மாட்டானா?

சினிமா நடிகர் எழுதினால் பத்தே நிமிடத்தில் மன்னிப்பு வருகிறது. 40 பேர் மட்டும் பின்தொடரும் கிளார்க் எழுதினால் பத்து நாள் ஆனாலும் சத்தம் இல்லை. அந்த வலைதளமே படுத்துவிட்டால்? 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் சேர்ந்தே முடங்கின. அவற்றை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கு அன்று வாயும் இல்லை, காதும் இல்லை.

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வாடிக்கையாளர் சேவைக்கும் குறைதீர்க்கும் அதிகாரிக்கும் போன் நம்பர், இ-மெயில் முதலிய விவரங்களைக் கண்ணில் படும்படி போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

இதை எத்தனை ஆப்களில் சோதித்துப் பார்த்தார்கள்? நுகர்வோரைப் பாதுகாக்க டெல்லியில் ஒரு மத்திய ஆணையமே இருக்கிறது. நம்பர் போடாத கம்பெனிகளின் பெயரை அது வெளியிடட்டும். அபராதம் போடட்டும்.

அதுவரை ஜனங்கள் பொதுவெளியில் ஆர்டர் நம்பரையும் செல்போன் நம்பரையும் கொட்ட வேண்டாம். தேடித் தேடிக் கிடைக்கிற நம்பரையும் நம்ப வேண்டாம். கம்பெனி வாய் திறக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பணமே பறிபோய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்குப் பேச வேண்டும். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால், பணம் பத்து கணக்கு தாண்டிப் போயிருக்கும்.