பாலிக்கு டூர் போறீங்களா? மழை இல்லாத மாசம் பார்த்தா மட்டும் போதாது... எரிமலைச் சாம்பல் போடும் கணக்கு என்ன?

மேலூரில் இருந்து திருச்சி விமான நிலையத்துக்கு நான்கு வழிச்சாலையில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். கோலாலம்பூரில் விமானம் மாறினா இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு இன்னொரு மூணு மணி நேரம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களுக்கு இந்தப் பாதையில் பாதி ஏற்கெனவே பழக்கமானதுதான். மதுரையில் இருந்து பாலிக்கு நேரடி விமானம் இல்லாததால், இந்தப் பக்கத்து ஆட்கள் பலரும் திருச்சி வழியைத்தான் பார்க்கிறார்கள்.

டூர் திட்டம் போடும்போது எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, 'எந்த மாசம் போகலாம்?' கிடைக்கிற பதிலும் ஒண்ணுதான்: ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வறண்ட காலம், அப்போ போங்க. அந்தப் பதில் தப்பில்ல. ஆனா அது மழையை மட்டும் பார்த்துச் சொன்ன பதில். கடந்த சில வருடங்களில் பாலி பயணிகளை ஏர்போர்ட்டிலேயே உட்கார வைத்தது மழை இல்ல, எரிமலைச் சாம்பல்.

முதல்ல அந்த வறண்ட காலம்னா என்ன?

பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, சுமார் 8 டிகிரியில் இருக்கு. அங்கே நம்ம ஊர் மாதிரி கோடை, குளிர்னு பெரிய வித்தியாசம் கிடையாது. வருஷம் முழுக்க பகல் வெப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். மாறுவது மழை மட்டும். நவம்பரில் இருந்து மார்ச் வரை மழை. ஏப்ரலுக்குப் பிறகு ஆஸ்திரேலியா பக்கமிருந்து வறண்ட காற்று வீச ஆரம்பிக்கும். கடல் தெளியும், மலைப்பாதை காயும்.

மேலூர் பக்கத்துக்கு இது வசதியான காலண்டர். இங்கே பெரியாறு பாசனத்தில் ஒருபோகம்தான். கால்வாயில் தண்ணீர் திறப்பது வழக்கமாக செப்டம்பரை ஒட்டி. அதுக்கப்புறம் நாற்று, நடவு, அறுப்புன்னு பொங்கல் தாண்டும் வரை வயல் வைத்திருப்பவர் யாரும் ஊரை விட்டு நகர முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் தொடக்கம் வரை. சித்திரைத் திருவிழா முடிஞ்சு, பள்ளி திறக்கிறதுக்குள்ள இருக்கிற அந்த நாட்கள் பாலியின் வறண்ட காலத் தொடக்கத்தோடு சரியா பொருந்துது. ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியா, ஐரோப்பாக் கூட்டம் வந்து ஹோட்டல் விலையை ஏத்திவிடும். அதுக்கு முன்னாடி போறதுதான் நமக்கு லாபம்.

மார்ச்சில் போக நினைப்பவர்கள் ஒண்ணு பார்த்துக்கணும். பாலி இந்துக்களின் 'நியெபி' என்ற மௌன நாள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். அன்னைக்கு 24 மணி நேரம் விமான நிலையமே மூடப்படும். சுற்றுலாப் பயணிகளும் ஹோட்டலை விட்டு வெளியே வரக் கூடாது.

எரிமலைக்கு சீசன் உண்டா?

கிடையாது. இந்தோனேசியாவில் 120-க்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன. நிலத்தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் நுழையும் இடத்தில் வரிசையாக உருவானவை இவை. அந்தமானில் இருக்கும் நம்ம பேரன் தீவு எரிமலையும் இதே நீண்ட சங்கிலியின் வடக்குப் பக்கம்தான். கீழே நடக்கும் இந்த வேலைக்கும் மேலே பெய்யும் மழைக்கும் சம்பந்தமில்ல.

சமீபத்திய கணக்கைப் பாருங்க. பாலிக்குக் கிழக்கே சுமார் 800 கி.மீ. தள்ளி ஃப்ளோரஸ் தீவில் லெவோடோபி லகி-லகி என்ற எரிமலை இருக்கு. ரெட்டைச் சிகரம், 'லகி-லகி' என்றால் ஆண், பக்கத்துச் சிகரத்துக்குப் பெண் என்று பெயர். 2024 நவம்பர் தொடக்கத்தில் இது வெடித்ததில் அடிவாரக் கிராமங்களில் குறைந்தது 9 பேர் இறந்தனர். அடுத்த வாரமே சாம்பல் மேகத்தால் பாலிக்கு வரவேண்டிய பல விமானங்கள் ரத்து. இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்களும் அதில் அடக்கம்.

அது மழைக்காலத் தொடக்கம்னு விட்டுடலாம். ஆனா அதே மலை 2025 ஜூன் 17-ம் தேதி மறுபடி வெடித்தது. சாம்பல் 10 கி.மீ.க்கும் மேலே போச்சு. டெல்லியில் இருந்து பாலிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் டெல்லிக்கே திரும்பியது. ஜூலை 7-ம் தேதி இன்னும் பெரிய வெடிப்பு, சாம்பல் 18 கி.மீ. உயரம். பாலி விமான நிலையத்தில் திரும்பவும் ரத்து அறிவிப்புகள். ஜூனும் ஜூலையும் வறண்ட காலத்தின் நடு மாதங்கள்.

கிழக்கு மட்டும்தான் ஆபத்துன்னும் சொல்ல முடியாது. 2015 ஜூலையில் பாலிக்கு மேற்கே, கிழக்கு ஜாவாவில் உள்ள ராவுங் எரிமலை சாம்பலைக் கக்கி, விடுமுறைக் கூட்டம் நிரம்பிய நேரத்தில் பாலி விமான நிலையத்தைப் பல தடவை மூட வைத்தது. 2017 நவம்பரில் பாலித் தீவுக்குள்ளேயே இருக்கும் அகுங் மலை. அப்போ முதலில் பக்கத்துத் தீவான லொம்போக்கின் விமான நிலையம் மூடப்பட்டது. காற்று திரும்பியதும் நவம்பர் 27-ல் பாலி மூடப்பட்டு, 29-ம் தேதிதான் திறந்தது. பல்லாயிரம் பேர் சிக்கினார்கள். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், இந்தியர்களுக்கு உதவ தூதரக அதிகாரிகள் விமான நிலையத்தில் இருக்கிறார்கள் என்று ட்விட்டரில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, மலை வெடிப்பது ஒரு பாதி. காற்று எந்தப் பக்கம், எந்த உயரத்தில் வீசுது என்பது மறு பாதி. இந்த ரெண்டையும் எந்த டூர் ஏஜென்ட்டும் ஆறு மாசம் முன்னாடி சொல்ல முடியாது.

சாம்பல்தானே, அதுக்குள்ள விமானம் போனா என்ன?

அடுப்புச் சாம்பல்னு நினைச்சுக்காதீங்க. இது நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். ஜெட் என்ஜினுக்குள் இருக்கும் சூட்டில் இது உருகும். உருகி, என்ஜினுக்குள் ஒட்டிக்கொண்டு காற்று போகும் வழியை அடைக்கும். 1982 ஜூன் 24-ம் தேதி இரவு, கோலாலம்பூரில் இருந்து பெர்த் நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நாலு என்ஜினும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னு போச்சு. கீழே இறங்கி சாம்பலைத் தாண்டியதும் என்ஜின்கள் மறுபடி ஓடியதால் எல்லாரும் ஜகார்த்தாவில் உயிரோடு இறங்கினார்கள். காக்பிட் கண்ணாடி உப்புத்தாளால் தேய்த்த மாதிரி மங்கிப் போயிருந்தது. விமானத்தின் வானிலை ரேடாரில் எதுவுமே தெரியல, ஏன்னா அது ஈரத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, சாம்பல் காய்ஞ்சது.

அதுக்குப் பிறகுதான் சாம்பலைக் கண்காணிக்க உலகம் முழுக்கத் தனி மையங்கள் வந்தன. மொத்தம் ஒன்பது. இந்தோனேசியா வானம் ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்தின் பொறுப்பு. அங்கிருந்து வரும் எச்சரிக்கையைப் பார்த்துத்தான் விமான நிறுவனங்கள் முடிவெடுக்கின்றன. வானம் நீலமா இருக்கே, ஏன் ரத்து பண்றீங்கன்னு கவுன்ட்டரில் சண்டை போடுவதில் அர்த்தமில்ல.

காசு எங்கே போகும்?

நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் முக்கியமான இடம். பலர் டிக்கெட்டை ரெண்டா எடுப்பார்கள். திருச்சி - கோலாலம்பூர் ஒரு புக்கிங், கோலாலம்பூர் - பாலி இன்னொரு புக்கிங். சில ஆயிரம் மிச்சமாகும். ஆனா ரெண்டாவது விமானம் சாம்பலால் ரத்தானா முதல் நிறுவனத்துக்கு அதோட சம்பந்தமே இல்ல. திரும்பி வரும்போது பாலி விமானம் ஒரு நாள் தள்ளிப்போனா, திருச்சி விமானம் உங்களை விட்டுட்டுக் கிளம்பிடும். அந்த டிக்கெட் காசு போனதுதான். ஒரே புக்கிங்கில், ஒரே பி.என்.ஆரில் ரெண்டு விமானமும் இருந்தா, கடைசி ஊர் வரைக்கும் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு. எரிமலை நாட்டுக்குப் போகும்போது அந்த சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்காம இருப்பதே நல்லது என்பது நம்ம கருத்து.

விமானம் ரத்தானா டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், இல்லாட்டி வேறு தேதியில் இடம் தருவார்கள். அதுக்கு மேல இழப்பீடு கேட்க முடியாது. இயற்கைப் பேரிடரை இந்திய விமானப் போக்குவரத்து விதிகளும் விதிவிலக்காகத்தான் வைத்திருக்கின்றன. ஹோட்டல், சாப்பாடு செலவுக்குப் பயண இன்ஷூரன்ஸ்தான் கைகொடுக்கும். அதிலும் ஒரு பிடி இருக்கு. மலை வெடிச்சு செய்தியில் வந்த பிறகு பாலிசி எடுத்தா, 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு'ன்னு சொல்லி பல நிறுவனங்கள் கை விரிச்சிடும். டிக்கெட் போட்ட அன்னைக்கே எடுத்துடுங்க. எரிமலைச் சாம்பலால் வரும் தாமதம் அதில் சேருமான்னு எழுத்தில் பார்த்துக்கோங்க.

வழியில் மாட்டினா எந்த ஊர் பரவாயில்ல? இதில் கோலாலம்பூருக்கு ஒரு அனுகூலம். இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்ற மலேசியாவின் சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கு. ஆன்லைன் வருகை அட்டை மட்டும் நிரப்பணும். சொந்தக்காரர் வீட்டில் ரெண்டு நாள் தங்கிக்கலாம். சிங்கப்பூர் வழியா போறவங்க விசா கையில் இல்லாட்டி விமான நிலையத்துக்குள்ளேயே கிடக்க வேண்டி வரலாம்.

இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா எடுத்துக்கலாம். கட்டணம் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, பாலி சுற்றுலா வரி தனியா ஒன்றரை லட்சம் ரூபியா. லட்சத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் 180, 190 ரூபியா வரும். பாஸ்போர்ட்டில் ஆறு மாசம் காலம் பாக்கி இருக்கணும். விசா 30 நாளுக்குச் செல்லும் என்பதால் ஒரு வார டூர் போனவங்க மூணு நாள் மாட்டினாலும் கவலையில்ல.

மலை ஏறலாமா?

வறண்ட காலத்தில்தான் மலையேற்றமும் அதிகம். பத்தூர் மலையில் சூரிய உதயம் பார்க்க நடுராத்திரியில் கூட்டம் கிளம்பும். அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நாலு நிலை எச்சரிக்கை வைத்திருக்கு. ஒண்ணு இயல்பு; ரெண்டு 'வாஸ்பாடா', கவனம்; மூணு 'சியாகா', உஷார்; நாலு 'அவாஸ்', ஆபத்து.

ரெண்டாம் நிலைதானேன்னு நினைக்கிற இடத்தில்தான் விபரீதம் நடந்திருக்கு. 2023 டிசம்பரில் மேற்கு சுமத்ராவின் மராப்பி மலை வெடித்தபோது அது ரெண்டாம் நிலையில்தான் இருந்தது. வாய்ப்பகுதிக்கு 3 கி.மீ.க்குள் போகாதீங்கன்னு பரிந்துரை இருந்தும் மேலே 70-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சதுரகிரிக்கு மழைக்காலத்தில் வனத்துறை தடை போட்டா, அடிவாரத்தில் நின்னு 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே'ன்னு புலம்புறோம் இல்லையா, அங்கே அந்தப் புலம்பலுக்குக் காது கொடுக்கிற கைடும் கிடைப்பார். தடை போட்ட தூரத்துக்குள் கூட்டிட்டுப் போறேன்னு யாராவது சொன்னா, பிள்ளைகளோட போயிருக்கிறவங்க திரும்பிடுங்க.

பாலியில் மாட்டினா வேற வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. தீவின் மேற்கு முனை கிலிமானுக்கில் இருந்து ஜாவாவின் கெத்தாபாங்குக்கு வாகனப் படகு ஓடுது. கடல் பயணம் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ சுராபாயா போய் விமானம் பிடிக்கலாம். 2017-ல் பலரும் இப்படித்தான் தப்பினார்கள். முழுசா ஒரு நாள் ஆகும். ஆனா 2025 ஜூலை 2-ம் தேதி இரவு இதே பாதையில் ஒரு படகு மூழ்கிப் பலர் உயிரிழந்தார்கள். அதனால பகல் படகு, கடல் அமைதியா இருக்கிற நேரம் பார்த்துப் போறது முக்கியம். சுராபாயா வானமும் திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுக் கிளம்பணும்.

லீவு கேட்கும்போது ஊர் திரும்பின மறுநாளே வேலைக்கு வர்றேன்னு சொல்லாம ரெண்டு நாள் சேர்த்துக் கேளுங்க. பாலியில் இருந்து கொமோடோ தீவு போக ஆசை இருந்தா, அதை டூரின் முதல் பாதியில் வைங்க. அதுக்கு இறங்க வேண்டிய லபுவான் பாஜோ ஃப்ளோரஸ் தீவிலேயே, லெவோடோபிக்கு இன்னும் கிட்ட இருக்கு. கடைசி நாளில் அங்கே மாட்டினா பாலிக்கே வந்து சேர முடியாது.

கிளம்புற அன்னைக்கு, மேலூரில் கார் எடுக்கிறதுக்கு முன்னாடி விமான நிறுவனத்தின் ஆப்பில் ரெண்டு விமானத்தின் நிலையையும் பாருங்க. இந்தோனேசிய எரிமலைத் துறையின் 'மக்மா இந்தோனேசியா' தளத்தில் எந்த மலை எந்த நிலையில் இருக்குன்னு கலர் போட்டுக் காட்டுவார்கள். அதில் லெவோடோபி, ராவுங், அகுங் மூணையும் பாருங்க. ஏதாவது சிவப்பில் இருந்து, பாலி விமானமும் ரத்துன்னு காட்டினா, திருச்சி போறதுக்கு முன்னாடியே நிறுவனத்துக்குப் போன் போட்டு தேதி மாத்துங்க. முதல் விமானத்தில் ஏறிட்டா அந்த டிக்கெட்டுக்குத் தேதி மாத்துற பேச்சே கிடையாது.