கிராண்ட் யார் பெயரில்?

வானொலியில் வேலை பார்ப்பவனிடம் எல்லாரும் பாட்டைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும்தான் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். என்னிடம் அதிகம் வரும் கேள்வி வேறு. "அண்ணே, சம்பளம் 2,500 வெள்ளி. எந்தக் காடி எடுக்கலாம்?" எனக்குக் கார் பைத்தியம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இந்த வாரம் மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நம் கெடாவில் கார் ஆடம்பரம் இல்லை. அலோர் ஸ்டாருக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே கொமுட்டர் ரயில் ஓடுகிறது. ஆனால் ரயிலடியில் இறங்கிய பிறகு தோட்டத்து வீட்டுக்கு எப்படிப் போவது? நடுராத்திரியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கு எதில் கொண்டுபோவது? வீட்டில் ஒரு கார் இருந்தாக வேண்டும்.

இந்தத் தேவையைப் புரிந்து வந்தவைதான் நம் தேசியக் கார்கள். நம்மூரில் பிறந்த மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1983-இல் புரோட்டோன் தொடங்கப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா வந்தது. 1993-இல் பெரோடுவா, அடுத்த ஆண்டே 660 சிசி கஞ்சில். மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று போய்க்கொண்டிருந்த எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள், மழையில் நனையாமல் கோவில் திருவிழாவுக்குப் போனது இந்தக் கார்களில்தான். அதனால் கஞ்சிலைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி, கேள்விக்கு வருவோம். ஷோரூமில் சாவியை வாங்கியதும் "கார் வாங்கிட்டேன்" என்கிறோம். அது பாதி உண்மைதான். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை வரைக்கும் உரிமையாளர் வங்கி. நீங்கள் வாடகைக்கு எடுத்தவர். கிராண்டில் உங்கள் பெயர் இருக்கும், கூடவே வங்கியின் உரிமைக் கோரலும் இருக்கும்.

அந்த வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 வெள்ளி கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டு. வட்டி மட்டும் 13,500. மாதத் தவணை 588 வெள்ளி. அதே கடனை 5 ஆண்டில் கட்டினால் வட்டி 7,500, தவணை 958. நிலையான வட்டியில், நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே போடப்படும். அதனால் 3 விழுக்காடு என்பது உண்மையில் சுமார் 5.5 விழுக்காட்டுக்குச் சமம். விற்பனையாளர் 588 என்ற எண்ணை மட்டும்தான் பெரிதாகச் சொல்வார். 13,500 என்ற எண்ணை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

2,500 வெள்ளி சம்பளத்துக்கு என் கணக்கு இது. தவணை, பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, பட்டறைச் செலவு எல்லாம் சேர்த்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 830 வெள்ளி. 588 தவணைக்கே போனால் மிச்சம் 242. தினமும் சுங்கை பட்டாணிக்குப் போய்வருபவருக்குப் பெட்ரோலுக்கே அது பற்றாது. 20,000 வெள்ளிக் கடனில் ஒரு பழைய சாகாவோ ஆக்சியாவோ எடுத்தால், 3.5 விழுக்காட்டில் 5 ஆண்டுக்குத் தவணை 392. மூச்சுவிட இடம் இருக்கும். முதல் கார் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"அந்தக் காசுக்கு ஜெர்மன் காரே கிடைக்குது அண்ணே" என்பார்கள். கிடைக்கும். ஆனால் பழைய காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் உதிரிப் பாகங்களின் விலை இறங்கவில்லை. தீபகற்பத்தில் 1,500 சிசி காருக்கு சாலை வரி 90 வெள்ளி. 2,500 சிசி என்றால் 880. கல்யாண மண்டப வாசலில் அந்தக் கார் அழகாக நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பட்டறையிலும் அழகாக நிற்கும்.

பழைய கார் பார்க்கப் போகும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் அடியில் சேற்றுக் கறை இருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பர் பொய் சொல்லாது. என்ஜின் சூடாவதற்கு முன்பே போய், நீங்களே முதல் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். புஸ்பாகோம் பரிசோதனை அறிக்கையையும் கிராண்டையும் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கையில் முன்பணம் இல்லாத பையன்களுக்கு ஒரு குறுக்கு வழி காட்டுகிறார்கள். அதன் பெயர் 'சம்போங் பாயார்'. தவணை கட்ட முடியாதவர் காரை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார், மீதித் தவணையை அவர் கட்டுவார். கிராண்டில் பெயர் மாறாது, வங்கிக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி, கை குலுக்கல், அவ்வளவுதான்.

காரைக் கொடுப்பவரே, யோசியுங்கள். ஓட்டுவது அவர், சம்மன் வருவது உங்கள் வீட்டுக்கு. அவர் இரண்டு மாதம் கட்டாமல் விட்டால், 21 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அதற்குப் பிறகு வங்கி காரை எடுத்துக்கொள்ளலாம். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்ற பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. ஆனால் கார் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்? பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் கடந்த 12 மாதத் தவணை வரலாறு தெரியும். வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும் நாளில், யாரோ ஓட்டிய காரின் பாக்கி உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

காரை வாங்குபவரே, நீங்களும் யோசியுங்கள். ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டினாலும் கார் உங்களுடையது இல்லை. ஒரு நாள் அசல் ஆள் வந்து சாவியைக் கேட்டால், கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

தவணை கட்ட முடியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மாதமே வங்கியிடம் போய்ப் பேசுங்கள். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. விற்பதென்றால் மீதிக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதை முழுதாக அடைத்து, பெயரை மாற்றிக் கொடுங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும் பெயரை மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

கார் பிரியனாக என் கடைசிக் கருத்து. காரின் பொற்காலம் புது வாசனை அடிக்கும் முதல் மாதம் இல்லை, கடன் முடிந்த மறுமாதம்தான் அது தொடங்குகிறது. நம் ஆட்கள் பலர் சரியாக அந்த நேரத்தில்தான் "பழசாயிடுச்சு" என்று அடுத்த 9 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள காரை இன்னும் 4 ஆண்டு ஓட்டிப் பாருங்கள். 588 வீதம் 48 மாதத்துக்கு 28,224 வெள்ளி. பட்டறைக்கு ஆண்டுக்கு 3,000 போனாலும் 16,000 வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும். பிள்ளையின் படிப்புக்கு அது பெரிய தொகை. எண்ணெய் மாற்றும் தேதியைத் தவறவிடாதீர்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் காப்புறுதிக் கோரிக்கை போட்டு, ஐந்து ஆண்டில் சேர்த்த 55 விழுக்காடு கழிவை இழந்துவிடாதீர்கள்.

புதுக் கார் வந்ததும் கோவிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிறோம். தாராளமாகப் போடுங்கள். வங்கியின் உரிமைக் கோரல் நீங்கி, கிராண்ட் முழுதாக உங்கள் பெயருக்கு வரும் நாளில் இன்னொரு பூசை போடுங்கள். அன்றைக்குத்தான் கார் வாங்கியிருக்கிறீர்கள்.