அரண்மனை வாசலில் கார் பார்க்

கைவிடப்பட்ட தீம் பார்க் வீடியோக்களுக்கு யூடியூபில ஒரு தனிக் கூட்டமே இருக்கு. கொடி படர்ந்த ராட்டினம், தலை உடைஞ்ச பொம்மை, பின்னால மெல்லிசா ஒரு பியானோ. எங்கட பட்ச்சில பாதிப்பேர் எக்ஸாம் நேரத்தில நோட்ஸை மூடி வைச்சிட்டுப் பார்க்கிறது இதைத்தான். ஆனால் அந்த வீடியோக்களில் அநேகமானவை ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன: எல்லாம் அழிஞ்சுபோச்சு, என்ன சோகம், சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ. அதுக்குப் பிறகு என்ன நடந்தது? அந்த நிலத்தை யார் வாங்கினது, பொம்மைகள் எங்க போனது? எங்களைக் கேட்டால் உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருந்த ஒரு தேவதைக்கதைப் பூங்காவை வைத்து இதைச் சொல்லலாம்.

எலிக்கொட் சிற்றி என்ற ஊரில் 1955 ஓகஸ்டில் அந்தப் பூங்கா திறக்கப்பட்டது. பெயர் 'என்சான்டட் ஃபொறஸ்ட்', அதாவது மந்திரக்காடு. நாட்டின் மற்றக் கரையில் டிஸ்னிலான்ட் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹரிசன் என்ற குடும்பம் நடத்திய பூங்கா இது. டிஸ்னி அளவுக்குக் காசும் இல்லை, ஆரம்பத்தில் பெரிய இயந்திர விளையாட்டுகளும் இல்லை. மரங்களுக்கு நடுவில் கதைகள் வீடுகளாக நின்றன: மூன்று கரடிகளின் வீடு, கோணல் மனிதனின் கோணல் வீடு, சப்பாத்துக்குள் குடியிருந்த கிழவியின் பெரிய சப்பாத்து, சிண்ட்ரெல்லாவின் பூசணிக்காய் வண்டி. எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. ஆனாலும் நேர்சரியில் அர்த்தம் விளங்காமலே ஆங்கில ரைம்ஸ் பாடி ஆடின பிள்ளைகள்தானே நாங்கள். அந்தச் சப்பாத்துக் கிழவியை எங்களுக்கும் தெரியும்.

அங்கே பிள்ளைகள் செய்தது நடந்தது, ஏறினது, சறுக்கினது, உள்ளே எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். பொம்மையைத் தொடலாம், அதன் மேல் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைக்கு இதுதான் கோடை விடுமுறை.

1988இல் நிலம் விற்கப்பட்டது. பூங்கா மூடிக்கொண்டது. 1992இல் அந்த நிலத்தின் ஒரு பகுதியில் கடைத்தொகுதியும் கார் பார்க்கும் வந்துவிட்டன. கடைத்தொகுதிக்கு வைச்ச பெயரைக் கேளுங்கோ: என்சான்டட் ஃபொறஸ்ட் ஷொப்பிங் சென்டர்! காட்டை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1994இல் கொஞ்சக் காலம் திறந்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மிச்சம் இருந்த வீடுகளும் சிலைகளும் வேலிக்குப் பின்னால், கடைகளின் முதுகுப் பக்கத்தில், வருசக்கணக்காக உக்கிக்கொண்டு கிடந்தன. வீடியோ எடுக்கிறவர்களுக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

2004இல் பூசணிக்காய் வண்டி ஏலத்துக்கு வந்தது. அது போய்ச் சேர்ந்தது சில மைல் தள்ளி இருந்த ஒரு பண்ணைக்கு. ஆடு, மாடு, குதிரைக்குட்டிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற பண்ணை அது. நடத்தியவர் மார்தா ஆன் கிளார்க். ஒரு வண்டியோடு அவர் நிற்கவில்லை. கடைத்தொகுதி உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, மிச்சத்தையும் ஒன்றொன்றாகத் தூக்கத் தொடங்கினார். கரடி வீடு வந்தது, கோணல் வீடு வந்தது, சப்பாத்து வந்தது. பல வருசம் மழையும் பனியும் குடித்த சாமான்கள். தூக்கினால் உடையும் நிலை. தொண்டர்கள் வந்தார்கள், நன்கொடை வந்தது. சின்ன வயதில் அந்தச் சப்பாத்தில் சறுக்கினவர்கள், தலை நரைத்த பிறகு பெயின்ட் வாளியோடு வந்தார்கள்.

"இது உண்மையான மீட்பா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காடு போய்விட்டது. வீடுகள் இருந்த ஒழுங்கும் போய்விட்டது. புதுப் பெயின்டில் பழைய கை வேலை மறைந்திருக்கும். பண்ணைக்குள் போகவும் டிக்கெட் எடுக்க வேணும். தொல்பொருள் பார்வையில் பார்த்தால் நிறைய ஓட்டைகள் இருக்கு. ஆனாலும் நாங்கள் இந்த மீட்பின் பக்கம்தான் நிற்கிறம். ஏனெண்டால் அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கவில்லை. 1955இல் ஒரு பிள்ளை செய்ததை இன்றைக்கும் ஒரு பிள்ளை செய்யலாம். பெரியாக்களின் ஏக்கத்துக்காக மட்டும் ஒரு விளையாட்டு இடத்தைப் புதுப்பித்தால் அது படம் எடுக்கிற பின்னணியாக முடியும். பிள்ளை ஏறி, கீறி, திரும்பவும் பழுதாக்கினால்தான் அது விளையாட்டு இடம்.

இன்னொரு விசயமும் இருக்கு. "அந்தக் காலம் எவ்வளவு அழகு" என்று சொல்லும்போது, யாருக்கு அழகு என்று கேட்கவும் வேணும். அதே மேரிலாந்தில், பால்டிமோருக்குப் பக்கத்தில், குவின் ஓக் என்று வேறொரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. வருசக்கணக்காகப் போராட்டம் நடந்தது. 1963 ஜூலையில் மதகுருமார் உட்பட நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அந்த வருசம் ஓகஸ்ட் 28, மார்ட்டின் லூதர் கிங் வோஷிங்டனில் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள், குவின் ஓக் வாசல் எல்லாருக்கும் திறந்தது. ஷரன் லாங்லி என்ற, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை அங்கே குதிரை ராட்டினத்தில் ஏறினாள். 1972இல் வந்த புயல் வெள்ளத்தோடு அந்தப் பூங்கா முடிந்துபோனது. ராட்டினம் தப்பியது. 1981இல் அதை வோஷிங்டனின் நஷனல் மோலுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு குதிரையில் அந்தக் குழந்தையின் பெயர் இருக்கு.

இப்பிடி ஒரு மீட்பைத்தான் நாங்கள் கேட்கிறம். ராட்டினம் சுத்தவும் வேணும், ஒரு காலத்தில் யாரை ஏறவிடவில்லை என்பது அதிலேயே எழுதியிருக்கவும் வேணும். குவின் ஓக்கின் இரண்டு பக்கத்தையும் சுமந்துகொண்டுதான் அந்தக் குதிரை சுத்துது. அதால ஒரு பிள்ளையின் சந்தோசமும் குறைஞ்சுபோகேல்ல.

அடுத்த முறை பியானோவோடு ஒரு பாழடைந்த பூங்கா உங்கட ஃபீட்டில வந்தால், முழுதாகப் பாருங்கோ, தப்பில்லை. முடிஞ்ச பிறகு ஒரு நிமிசம் தேடிப் பாருங்கோ: அங்கே யார் விளையாடினது, யாரை வாசலில் மறிச்சது, இப்ப அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்க விளையாடுதுகள்? எலிக்கொட் சிற்றியில் இதுக்கு ஒரு பதில் இருக்கு. அங்கே சப்பாத்தில் இன்னும் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.