எண்ணெய் படாத கைகள்

பொறியியலாளன் என்னும் பட்டத்தைப் போற்றிக்கொண்டே, பொறியைத் திருத்தும் கையை இழிவாக நோக்கும் சமூகம் எதனைப் போற்றுகின்றது? அறிவையா, அன்றிப் பட்டம் ஈட்டித்தரும் மதிப்பையா? கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்கள் இவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளன.

இக்கரையில் இயந்திரங்களுக்குக் குறைவில்லை. சம்மாந்துறையின் அரிசி ஆலைகள், மருதமுனையின் தறிகள், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்கள், வயல்களின் உழவு இயந்திரங்கள் ஆகிய யாவும் பட்டறைத் தொழிலாளரின் கைப்பழக்கத்தாலேயே ஓய்வின்றி இயங்குகின்றன. 1996ஆம் ஆண்டு பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. பின்னர் அங்கே பொறியியற் பீடமும் அமைந்தது. ஆயினும், ஒரு மகன் இயந்திரப் பொறியியல் கற்கச் சென்றால் பெருமிதம் கொள்ளும் வீடு, மற்றொரு மகன் கராச்சில் வேலை பழகச் சென்றால் தலைகுனிகின்றது. கலியாணப் பேச்சில் ஒருவனுக்கு வளவும் வீடும் காத்திருக்க, மற்றவனின் தொழிலைச் சொல்லவே நாக் கூசுகின்றது.

இம்மனப்பான்மை நீங்காதவரை செய்முறைக் கல்வி என்பது வெறுஞ் சொல்லே. கையேட்டின்படி அளவீடு எடுத்து, அறிக்கை எழுதி, ஒப்பம் பெறுவதோடு அது முடியுமாயின், அதுவும் ஏட்டுக் கல்வியன்றி வேறன்று.

அரிசி ஆலையை நோக்குக. நெல்லின் உமியை உரிக்கும் இறப்பர் உருளைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்திற் சுழல்கின்றன. அவ்வேக வேறுபாடே உமியைக் கழற்றுகின்றது. இடைவெளி அளவுக்கு மீறிக் குறைந்தால் அரிசி உடைந்து குருணலாகும். கூடினால் நெல் உரிபடாது செல்லும். ஆலைத் தொழிலாளி இதனை ஓசையாலும் உள்ளங்கையில் அள்ளிய மணிகளாலும் அறிகின்றான். மாணவன் அதன் காரணத்தைச் சமன்பாட்டால் அறிகின்றான். ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியான். இழப்பு இருவருக்கும் உரியது.

இவ்விரு அறிவும் ஓரிடத்தில் கூடினால் விளைவது யாதென்பதை வரலாறு காட்டும். 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், கருவித் தொழிலாளியான ஜேம்ஸ் வாட்டுக்குத் தன் வளாகத்தினுள்ளேயே பட்டறை அமைக்க இடமளித்தது. பழுதுற்ற நீராவி இயந்திர மாதிரியொன்றைத் திருத்த முற்பட்ட அவர், நீராவி வீணாவதன் காரணத்தை ஆராய்ந்து, 1765இல் தனி ஒடுக்கியைக் கண்டறிந்தார். அத்தகைய சான்றுக்குக் கடல் கடந்து செல்லவும் வேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் பயின்றவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பண்டை யாழின் இலக்கணத்தைக் கணித்ததோடு அமையாது, அக்கருவிகளையும் செய்வித்தார்.

பட்டறை வேலை பழகுவதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு எனச் சிலர் வினவுவர். பட்டறை பழுதைத் திருத்தும். பழுது ஏன் மீண்டும் மீண்டும் நேர்கின்றது என்பதைக் கண்டு புதியதை வகுக்கக் கணிதமும் பௌதிகமும் வேண்டும். ஆதலால் ஏட்டைக் கைவிடுமாறு எவரும் கோரவில்லை. ஏடு பட்டறைக்குச் செல்லவேண்டும் என்பதே கோரிக்கை.

மாணவர் தம் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியையேனும் இவ்வூர் ஆலைகளிலும் படகுத்துறைகளிலும் கழிக்கட்டும். கைதேர்ந்த தொழிலாளர் உரிய ஊதியத்துடன் பயிற்றுநராக அழைக்கப்படட்டும். அவர்கள் பழுது திருத்த வரும்போது மட்டும் திறக்கும் வாயில், கற்பிக்க வரும்போதும் திறக்கட்டும். அன்றுதான் ஒலுவிலிற் கற்கும் பொறியியல் இக்கரைக்குப் பயன்படும்.