கயிலைக்கும் முக்திநாத்துக்கும் புறப்படுவோர்க்கு: நீலகிரி பர்லியார் பொதுமக்களின் வேண்டுகோள்

திபெத்தின் மேற்குப் பகுதியில், 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கயிலை மலை. சைவர்களுக்கு அது சிவபெருமான் உறைவிடம். சமணர்களுக்கு ரிஷபதேவர் முக்தியடைந்த அஷ்டாபதம். பௌத்தர்களுக்கும், திபெத்தின் பழைய சமயமான ‘பொன்’ நெறியாருக்கும் வலம்வர வேண்டிய மலை. உச்சியில் யாரும் ஏறுவதில்லை. 52 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை மூன்று நாள் நடந்து முடிப்பதே வழிபாடு. நேபாளத்து முக்திநாத் வைணவரின் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. சாளக்கிராமம் கிடைக்கும் கண்டகி நதி அதன் அடிவாரத்தில் ஓடுகிறது. இவ்விரு பயணங்களுக்கும் தமிழக அரசு மானியமும் தருகிறது.

இப்பயணங்களின் பயன் உண்மையானது. பிள்ளைப் பருவத்திலிருந்து தேவாரத்தில் கேட்ட மலை கண்ணெதிரே நிற்பதும், மானசரோவர் ஏரிக்கரையில் பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்வதும் பலருக்கு வாழ்நாள் ஏக்கத்தின் நிறைவு. வழியில் பதவியும் சாதியும் உதவுவதில்லை. முன்பின் அறியாதவர் நீட்டும் கைதான் உதவுகிறது. அந்தப் பழக்கத்தை ஊருக்கும் கொண்டுவருபவர்கள் உண்டு. ஆனால் நீலகிரியில் பலர் ஓய்வுக்குப் பின் கைக்கு வரும் பணத்தில்தான் இதை நினைத்துப் பார்க்க முடிகிறது. பணம் சேரும்போது வயதும் சேர்ந்துவிடுகிறது. இந்த வேண்டுகோள் எழுவதற்கு அதுவே காரணம்.

மலையில் பிறந்து வளர்ந்தவரை உயரம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இப்பகுதியில் பரவலாக இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. பர்லியார் ஆயிரம் மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், உதகை 2,240, தொட்டபெட்டா உச்சி 2,637. மானசரோவர் ஏரியின் நீர்மட்டமே 4,590 மீட்டர். சுற்றுப்பாதையின் மிக உயர்ந்த இடமான டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. குன்னூர் மலைப்பாதையில் பேருந்தேறி ஒரே மூச்சில் உதகை போய்ச் சேரும் பழக்கம் அந்த உயரத்துக்குப் போதாது.

உடல் உயரத்துக்குப் பழகும், ஆனால் நாள் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒருநாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த வழி. கடல்மட்டத்தை ஒட்டிய நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் 2,900 மீட்டரிலுள்ள சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையிலுள்ள ஹில்சா, பிறகு வண்டியில் திபெத்தின் தக்லாகோட், ஏரிக்கரை என்று செல்லும் பயணம் இந்தக் கணக்கை மீறிவிடுகிறது. லிப்புலேக் கணவாய் வழியாக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை ஏறத்தாழ மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டோரை ஏற்பதில்லை. டெல்லியிலும் பிறகு மலைமேல் குஞ்சியிலும் உடற்பரிசோதனை செய்து, தேறாதவரைத் திருப்பியனுப்புகிறது. தனியார் பயணங்கள் பல மிகக் குறுகிய நாளில் முடிந்துவிடுகின்றன. ஓய்வு நாளைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைப்பது யாத்திரிகரின் உயிரை வைத்துச் செய்யும் சிக்கனம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பதும் இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதைக் காட்டும். பேச்சுக் குழறுவதும், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவதும் மூளை வீங்குவதைக் காட்டும். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆக்சிஜன் சிலிண்டர் சற்று நேரம் தாங்கும். இரவானாலும் உடனே கீழே இறக்குவதுதான் மருந்து. உடன்வந்தோருக்குத் தொல்லையாகுமே என்று தலைவலியை மறைப்பவர்கள் ஆபத்தில் சிக்கிக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் உண்டு. பெரியபுராணத்தில் அப்பர் பெருமான் கயிலை நோக்கி நடந்தார், தவழ்ந்தார், உடல் தேய்ந்து வழியில் வீழ்ந்தார். இறைவன் அவரை மேலே அழைக்கவில்லை. பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சி தந்தார். ஆடி அமாவாசையில் திருவையாறு இன்றும் அதைக் கொண்டாடுகிறது. பாதி வழியில் திரும்பியவரை இளக்காரமாகப் பேசச் சைவம் அறிந்த எவருக்கும் இடமில்லை.

வானிலையும் வழியும் தனி ஆபத்து. 1998 ஆகஸ்ட் 18-இல் லிப்புலேக் செல்லும் வழியிலுள்ள மால்பாவில் நிகழ்ந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 60 கயிலை யாத்திரிகர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012 மே 14-இல் நேபாளத்தின் ஜோம்சோமில் விழுந்த சிறு விமானத்தில் இறந்த 15 பேரில் பெரும்பாலோர் முக்திநாத் நோக்கிச் சென்ற இந்தியர்கள். 2018 ஜூலையில் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் வானம் திறக்காததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நாள்கணக்கில் சிக்கினர்.

கயிலை செல்வோருக்குப் பகை உயரம் என்றால், இங்கிருந்து ஹஜ் செல்வோருக்குப் பகை வெப்பம். 2024 ஜூனில் மக்காவில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றிச் சென்றதால் நிழலும் குளிரூட்டிய கூடாரமும் கிடைக்காதவர்கள். குளிர்மலையில் வாழ்வோர் புறப்படுமுன் ஓரிரு வாரம் சமவெளி வெயிலில் சிறிது சிறிதாக நடந்து பழகுவது பயன் தரும்.

ஆகவே, முன்பணம் கட்டுமுன்பே மருத்துவரைக் காணுமாறு அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதயநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் உயரநோய்க்கான டயமாக்ஸ் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கக் கூடாது. ஒவ்வோர் இரவும் தங்கும் உயரத்தைப் பயண நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தர மறுப்பவரோடு போக வேண்டாம். ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு எடுத்து, அதன் நகலையும் பயண நிரலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.