பத்தாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

டிஸ்லெக்சியா உள்ள மாணவர் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போது கூடுதலாக 1 மணி நேரம் கேட்டுப் பெறலாம். சொல்வதை எழுதுபவர் உண்டு. ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் மூன்றாம் வகுப்பில், கரும்பலகையில் இருந்ததை எழுதி முடிக்காததற்காக இடைவேளைக்கு விடாமல் உட்கார வைக்கப்பட்டவரும் இதே மாணவராகவே இருப்பார். ஏழு வருடம் பிந்தி வரும் உதவியைப் போதும் என்று ஏற்க, வகுப்பாசிரியர்களும் சிறப்பாசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த இந்த அமைப்பு தயாராக இல்லை.

அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: தேர்வறையில் சலுகையாகத் தரப்படுவது முதல் வகுப்பிலிருந்தே அன்றாடப் பாடமுறையாக இருக்க வேண்டும். அதற்கு முதல் பொறுப்பு வகுப்பாசிரியருடையது. வட்டார வள மையத்திலிருந்து வந்துபோகும் சிறப்பாசிரியர் அவருக்குத் துணை.

தமிழ் படிக்கத் திணறும் குழந்தை எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ‘கொ’ என்று சொல்லும்போது முதலில் வருவது ககர ஒலி. தாளில் முதலில் நிற்பதோ ஒற்றைக்கொம்பு. அதன்பின் ‘க’, கடைசியில் கால். காது கேட்கும் வரிசை ஒன்று, கண் பார்க்கும் வரிசை வேறு. கொம்பு இரட்டையானால் ‘கோ’. இது போதாதென்று ண, ன, ந. ல, ள, ழ. சரளமாகப் படிக்கும் பிள்ளை இதையெல்லாம் கவனிப்பதுகூட இல்லை. திணறும் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லிலும் இதே வேலை. ‘பத்து தடவை எழுது’ என்று இம்போசிஷன் கொடுத்தால், தப்பாகப் பார்த்ததையே பத்து தடவை எழுதிக்கொண்டு வரும்.

இங்கே கைகொடுப்பவை எளிய பொருள்கள். உயிர்மெய்யை உடைத்து, மெய்க்கு ஒரு நிறம், கொம்புக்கும் காலுக்கும் வேறு நிறம் என்று அட்டை செய்யலாம். குழந்தை ஒலியைச் சொல்லிக்கொண்டே அவற்றை அடுக்கும். மணலில் விரலால் எழுதும். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு நீளமான திறப்பு வெட்டிப் பாடப்புத்தகத்தின் மேல் வைத்தால், மற்ற வரிகள் மறைந்து கண் ஓரிடத்தில் நிற்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதில், எழுதிய தாளை மேசையிலேயே கொடுத்துவிடலாம். அறிவியல் பாடத்தில் விடையை வாயால் சொன்னால் மதிப்பெண் உண்டு என்று வைக்கலாம். அங்கே சோதிப்பது அறிவியலைத்தானே, கையெழுத்தை அல்லவே! எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று படிக்கச் சொல்வதை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். அதற்கு அட்டைகூடத் தேவையில்லை.

வேறு சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் இப்படித்தான். காது கேட்கும் கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் சத்தத்தையும் பெரிதாக்கும். அதனால் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசும் பழக்கத்தை விட்டு, எழுதி முடித்துத் திரும்பி முகம் தெரியப் பேச வேண்டும். பார்வை குறைந்த குழந்தை இருக்கும் வகுப்பில் பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய பாடவேளைகளைப் படங்களாக ஒட்டி வைத்து, விளையாட்டு வேளை ரத்தானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

‘நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் கூடுதல் நேரம் கேட்பவை அல்ல. ஒரே வகுப்பில் பிள்ளைகள் மூன்று நிலைகளில் இருப்பார்கள் என்பதை 2022இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமே அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த நெகிழ்வை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும். அரும்பிலேயே ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் அதைச் சோம்பல் என்று எழுதாமல் காரணம் தேட வேண்டும்.

மீதிக்கு ஆள் வேண்டும். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசு 2022இல் வகுத்தது. பள்ளிகளுக்கிடையே சுழன்று செல்லும் ஆசிரியர்களை இடைக்கால ஏற்பாடாகத்தான் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் பார்த்தது. அந்த இடைக்காலத்தை நிரந்தரமாக்கிவிடக் கூடாது. வரும் சிறப்பாசிரியரும் குழந்தையைத் தனியே அழைத்துப் போகாமல், வகுப்பிலேயே உட்கார்ந்து வகுப்பாசிரியரோடு பாடத்தைத் திட்டமிட வேண்டும் என்பது அமைப்பின் கோரிக்கை.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை அங்கீகரிக்கிறது. தேர்வுச் சலுகைக்கு மருத்துவச் சான்று கேட்பதில் பொருள் உண்டு. முன்வரிசையில் உட்கார வைக்கவும் பெரிய எழுத்தில் தாள் தரவும் எந்தச் சான்றும் கேட்கக் கூடாது.

அடுத்த கல்வியாண்டுக்கு ஒரு வேலையை அமைப்பு எல்லாப் பள்ளிகளிடமும் கேட்கிறது. ஏப்ரலில் வகுப்பாசிரியர் ஒவ்வொரு சிறப்புத் தேவைக் குழந்தை பற்றியும் ஒரு பக்கம் எழுதட்டும்: எது தானாக வருகிறது, எதில் சிக்குகிறது, எந்த முறை பலித்தது, எது பலிக்கவில்லை, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது. பெற்றோரும் அதில் நாலு வரி எழுதட்டும். ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்று அந்தத் தாள் அடுத்த ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும்.